பதினான்கு மணி நேர அமைதி

என் வீட்டுக் கோப்பு நான்கில் அரைத்தாள் அளவில் ஒரு சீட்டு இருக்கிறது. மலாய் மொழியில் அச்சடித்தது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் என் மனைவி வேலை செய்யும் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவு கொடுத்தது. வலது மேல்மூலையில் என் கையெழுத்தில் ஒரு பென்சில் குறிப்பு: "பெற்றது சனி, மாலை 6.10. கோப்பு 4." சீட்டில் மூன்று வரிகள்தான். திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குச் செவிச் சோதனை. அடையாள அட்டை கொண்டு வரவும். சோதனைக்கு முந்தைய பதினான்கு மணி நேரம் உரத்த சத்தத்தில் இருக்கக் கூடாது.

அந்தச் சீட்டு குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் இருந்தது. நான் எடுத்தேன், தேதி போட்டேன், துளையிட்டேன், கோப்பில் சேர்த்தேன். படிக்கவில்லை. படிக்கவில்லை என்பதே எனக்கு ஒன்பது வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் எந்தத் தாளும் என்னிடமிருந்து தப்பாது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பத்தொரு வருடம் சரக்குப் பத்திரங்களுக்குத் தேதி முத்திரை குத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு குத்துவதற்குப் பத்திரம் இல்லாததால் வீட்டையே ஓர் அலுவலகமாக நடத்திவருகிறேன். தண்ணீர்க் கட்டண ரசீது, கோயில் அறிவிப்பு, தடுப்பூசி அட்டை என்று எல்லாவற்றுக்கும் கோப்பு உண்டு. அதே பழக்கத்தில் இசை கேட்பதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், கேட்ட ராகம், வால்யூம் குமிழ் நின்ற இடம். குமிழில் எண்கள் கிடையாது. ஒரு வெள்ளைக் கோடு மட்டும். அதனால் கடிகார முள்ளைப் போல எழுதுவேன். முழுதாக அணைத்தால் ஏழு மணி, முழுதாகத் திறந்தால் ஐந்து மணி.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. வரவேற்பறையின் ஒரு சுவரோரம் இரண்டு ஒலிபெருக்கிகள், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் ஆம்ப்ளிஃபையரும் சிடி இயக்கியும். எதிர்ச்சுவரோரம் என் நாற்காலி. இடப்பக்க ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் சமையலறை வாசல். அந்த வாசலுக்கு முன்னால்தான் என் மனைவி இஸ்திரி மேசையைப் போடுவாள், மின்இணைப்பு அங்கேதான் இருக்கிறது.

நான் கேட்பது பெரும்பாலும் நாதஸ்வரம். அதைக் கோயில் மண்டபத்தில் எப்படிக் கேட்டேனோ அப்படியே வீட்டிலும் கேட்க வேண்டும் என்பது என் கொள்கை. வீணையைக் குறைத்து வைத்துக் கேட்கலாம். தவில் நெஞ்சில் வந்து விழாவிட்டால் அது தவில் இல்லை. இந்தக் கொள்கைக்கு ஒரு சின்ன நியாயமும் உண்டு. சத்தம் குறையும்போது நம் காது அடித்தொனியைத்தான் முதலில் கைவிடும். மெதுவாக வைத்தால் தவிலின் தொப்பி பக்கம் காணாமல் போய், வலந்தலையின் டக் டக் மட்டும் மிஞ்சும். இதைப் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். அதே புத்தகங்களில் அடுத்தடுத்த அத்தியாயங்களில் என்ன இருந்தது என்பதை அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை.

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குமிழ் ஒன்பதரையில் நிற்கிறது. இரண்டாம் வருடம் பத்தேகால். நான்காம் வருடம் பதினொன்று. சென்ற ஆண்டு தைப்பூசத்துக்குப் பிறகு பன்னிரண்டுக்குக் கீழே ஒரு ஞாயிறுகூட இல்லை. அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு எல்லா ஞாயிறும் ஒரே சத்தமாகத்தான் இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் கொறைங்க," என்று சமையலறையிலிருந்து வரும்.

"போன வாரம் வச்ச அதே எடம்தான்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னேன். கீழ்வீட்டு அக்கா லிஃப்ட்ல கேக்குறாங்க, உங்க வீட்ல வாரா வாரம் யாருக்குக் கல்யாணம்னு."

"என்ன சொன்ன?"

"எனக்குத்தான், மாப்ளைய மாத்திக்கிட்டே இருக்கேன்னு சொன்னேன்."

இப்படிச் சிரிப்பில் முடியும். நான் குமிழைத் தொடமாட்டேன்.

ஆண்டின் நடுவில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அவள் கேட்பதில்லை. எனக்கும் வசதியாக இருந்ததால் ஏன் என்று யோசிக்கவில்லை. என் கவலை வேறு பக்கம் போயிற்று. குமிழ் ஒருமணியைத் தொட்டபோது, நோட்டுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டி, எழுதப்பட்ட ஆதாரத்தின் பேரில் ஒரு முடிவுக்கு வந்தேன்: ஆம்ப்ளிஃபையர் பலம் இழந்துவருகிறது. ஆறு வருடத்தில் இத்தனை மணி தூரம் இழந்திருக்கிறது என்று ஒரு சிறு அட்டவணையும் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை அதைத் துண்டில் சுற்றி, தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்குக் கொண்டுபோனேன். ரயில் நிலையத்துக்கு அருகே கடைவரிசையின் பின்சந்தில் ஒருவர் பழுதுபார்க்கிறார். நாற்பது வயது இருக்கும். மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, ஒரே சீரான ஒலியை உள்ளே அனுப்பி, வெளியே வருவதை மீட்டரில் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஏதோ ஒரு தாளோடு ஒப்பிட்டார்.

"அண்ணே, இது நல்லாத்தான் இருக்கு லா. புதுசுல என்ன குடுத்துச்சோ அதேதான் குடுக்குது."

நான் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். அவர் பத்துப் பக்கம் புரட்டினார்.

"இவ்ளோ எழுதியிருக்கீங்க, இதுல சவுண்டு எங்கண்ணே இருக்கு?"

"குமிழ் நின்ற இடம் இருக்கே."

"அது வெறும் கோடு. ஒரு சிடிய கனமா பதிஞ்சிருப்பான், இன்னொண்ணு லேசா பதிஞ்சிருப்பான். ஒரே எடத்துல வச்சாலும் சவுண்டு வேற. சரி, கேக்கும்போது ஃபேன் ஓடுமா?"

"ஓடும்."

"பழைய ஃபேனா?"

"கொஞ்சம் சத்தம் போடும்."

"சன்னல்?"

"திறந்திருக்கும். கீழே மோட்டார் சைக்கிள் போகும்."

"அப்ப ஃபேனுக்கு மேல ஏத்தி, மோட்டாருக்கு மேல ஏத்தி, அதுக்கு மேல நாதஸ்வரம். உங்களுக்கு வயசு என்ன?"

"அறுபத்து மூணு."

"ஆம்ப்புக்கு ஒண்ணும் ஆவலண்ணே," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். பக்கத்தில் தாப்பாவ் வாங்கிவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளர் சிரித்தார்.

பிறகு பழுதுபார்ப்பவர் என் கைப்பேசியில் சத்தத்தை அளக்கும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். அது துல்லியமில்லை, தோராயம்தான் என்று முதலிலேயே சொன்னார். இரண்டு விஷயங்களைச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். ஒன்று: பத்து டெசிபல் கூடினால்தான் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம் போலத் தோன்றும், அந்தப் பத்தைக் கொடுக்க ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு உழைக்க வேண்டும். இரண்டு: மூன்று டெசிபல் கூடினாலே, காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது என்பதுதான் பாதுகாப்புக் கணக்கு. அந்த மூன்றை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள் என்றார்.

"காது சாட்சி சொல்லாதுண்ணே. நல்லா இருக்கு நல்லா இருக்குன்னே சொல்லிக்கிட்டிருக்கும்."

கிளம்பும் முன் குமிழைப் பிடுங்கி, உள்ளே ஏதோ தெளித்து, முன்னும் பின்னும் திருகி, மறுபடி அழுத்தி மாட்டிக் கொடுத்தார். கரகரப்பு இருக்காது என்றார். அதை அப்போது நான் ஓர் உபசாரமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஆம்ப்ளிஃபையரை இடத்தில் வைத்து, கம்பிகளை மாட்டி, தோடி போட்டேன். வழக்கமான சத்தம் என்று எனக்குத் தோன்றும் வரை ஏற்றினேன். நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் கைப்பேசியைப் பிடித்தேன். தவில் விழும்போதெல்லாம் எண் தொண்ணூறைத் தொட்டது. சராசரி எண்பத்தைந்தின் பக்கம். இடப்பக்க ஒலிபெருக்கிக்கு ஓரடி தூரத்தில், இஸ்திரி மேசை நிற்கும் இடத்தில், அதைவிட அதிகம். ஃபேனை நிறுத்தி, சன்னலை மூடி, மறுபடி வழக்கமான சத்தம் என்று தோன்றும் வரை குறைத்தேன். குமிழ் ஒரு மணி தூரத்துக்கும் மேல் பின்னால் வந்தது. எனக்கு உற்சாகமாகிவிட்டது. இதை அவளிடம் சொல்லலாம் என்று, பாட்டை நிறுத்தாமலே, சமையலறைக்குப் போனேன்.

அவள் வாசலுக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது. இரண்டு காதிலும் மஞ்சள் நிறப் பஞ்சு அடைப்பான்கள். தொழிற்சாலையில், தகடுகளை அழுத்தி வெட்டும் அழுத்து இயந்திரப் பிரிவில் எல்லோரும் போட்டுக்கொள்வது. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் அவற்றின் சிறு பிளாஸ்டிக் டப்பா திறந்திருந்தது.

தோளைத் தொட்டேன். துள்ளிப் போனாள். ஒன்றை மட்டும் உருவினாள்.

"என்ன இது?" என்றேன்.

"இயர்பிளக்."

"அது தெரியுது. வீட்ல எதுக்கு?"

"கம்பெனியில போடுற மாதிரிதான். சத்தத்துக்கு."

"எவ்ளோ நாளா?"

"டெஸ்டு முடிஞ்சதுலேர்ந்து."

"எந்த டெஸ்டு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னங்க வெளையாடுறீங்களா? ஃப்ரிட்ஜில சீட்டு ஒட்டி வச்சிருந்தேனே. நீங்கதானே எடுத்து ஃபைல்ல வச்சீங்க."

"வச்சேன்."

"படிச்சிட்டுத்தான் வச்சீங்கன்னு நெனச்சேன். படிச்சிட்டும் மறுநாள் அப்படிப் போடுறாரே, இவருகிட்ட இனிமே என்ன பேசுறதுன்னு விட்டுட்டேன்."

வரவேற்பறையில் தோடி ஓடிக்கொண்டேயிருந்தது. போய் அணைத்துவிட்டு வந்தேன்.

பிறகு அவள் சொன்னதை வரிசைப்படி எழுதுகிறேன். அந்தத் திங்கட்கிழமைச் சோதனையில் இடது காது முந்தின வருடத்தைவிடக் குறைந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் மறுசோதனை என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவள் குளிர்பெட்டியில் ஒட்டவில்லை. தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். மறுசோதனையிலும் அதே குறைவு இருந்தால் அழுத்து இயந்திரப் பிரிவிலிருந்து எடுத்து, பொட்டலம் கட்டும் பிரிவில் போட்டுவிடுவார்கள் என்று பாதுகாப்பு அதிகாரி வாயால் சொல்லியிருந்தார்.

வெளியாள் ஒருவருக்கு இது நல்ல செய்தி போலத் தோன்றலாம். சத்தமில்லாத இடம், உட்கார்ந்து செய்யும் வேலை. அவளுக்கு அப்படி இல்லை. அந்தப் பிரிவில் பத்தொன்பது வருடம். ஒன்பது இயந்திரங்களுக்கு லைன் லீடர். அடைப்பான் போட்ட காதோடேயே, எந்த இயந்திரத்தின் அச்சு தேய்ந்திருக்கிறது, எதில் தகடு கோணலாக விழுகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். இன்ஜினியர் நம்பாமல் நிறுத்திப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். எங்கள் வீட்டில் காதுள்ளவர் யார் என்று யாராவது கேட்டிருந்தால் நான் யோசிக்காமல் என்னைத்தான் சொல்லியிருப்பேன்.

"பேக்கிங்ல போயி அட்டப் பெட்டியோட என்ன பேசுறது?" என்றாள். "மறுடெஸ்டு வர்ற வாரத்துக்கு அடுத்த திங்கள். அது வரைக்கும் பிளக்கைப் போட்டுக்கிட்டு ஓட்டிடலாம்னு இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"வருஷக்கணக்கா சொன்னதுதானே. அதே எடம்தான்னீங்க."

கோப்பு நான்கை எடுத்துச் சீட்டைப் படித்தேன். பிறகு நோட்டுப் புத்தகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடினேன். அன்று காலை வழக்கம்போல் கேட்டதோடு, மாலையிலும் கேட்டிருக்கிறேன். சென்னையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த இரண்டு புதிய சிடிகள். தொடக்கம் 5.00, முடிவு 8.30. குமிழ் 1.00. திங்கள் காலை எட்டேகாலிலிருந்து பதினான்கு மணி நேரம் பின்னால் போனால் ஞாயிறு மாலை ஆறேகால். ஆக, தடைசெய்யப்பட்ட நேரத்துக்குள் இரண்டேகால் மணி நேரம் என் நாதஸ்வரம் ஒலித்திருக்கிறது. அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வேற என்ன செய்வேன்? ஒரு வாரத்துக்கு யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன்."

இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றால் ஒலிபெருக்கி அவளுடைய இடது காதுப் பக்கமாக வரும். போய் நின்று பார்த்தேன். ஓரடி.

"வேற எங்கயாச்சும் போயி போட்டிருக்கலாமே," என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

மறுசோதனைக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் ஆம்ப்ளிஃபையரின் மின்இணைப்பைக் கழற்றி வைத்தேன். பதினான்கு மணி நேரம் போதும், எட்டு நாள் எதற்கு என்று அவள் கேட்டாள். மறுசோதனைக்கு முந்தைய நாள் ஞாயிறு மாலை நான் இஸ்திரி மேசையைப் படுக்கையறைக்கு மாற்றி, அவளுடைய ஐந்து சட்டைகளுக்கு நானே இஸ்திரி போட்டேன். இரண்டில் காலரைக் கெடுத்தேன்.

"இதுக்கு நாதஸ்வரமே தேவலாம்," என்றாள்.

திங்கட்கிழமை மாலை தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி வந்தவளிடம் கேட்டேன். வெளிச்சத்தம் புகாத கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்களாம். முடிவு பத்து நாளில் வரும் என்றார்களாம். பத்து நாளும் நான் கோப்பு நான்கைத் திறந்து திறந்து மூடினேன். பதினோராம் நாள் அவள் கடிதத்தைக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் ஒட்டினாள். காந்தத்தை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"மொதல்ல படிங்க. சத்தமாப் படிங்க. அப்புறம் தேதி போடலாம்."

படித்தேன். இடது காது முந்தின வருட அளவுக்குத் திரும்பியிருக்கிறது. நிரந்தர மாற்றமாகக் கொள்ளத் தேவையில்லை. தற்போதைய பிரிவிலேயே தொடரலாம். காதுப் பாதுகாப்பைத் தவறாமல் அணியவும்.

"பேக்கிங் இல்ல," என்றாள்.

"இல்ல."

"இப்ப தேதி போட்டுக்குங்க."

என் காதையும் சோதித்துக்கொண்டேன். அது வேறு இடத்தில், வேறு நாளில். மேல்தொனிகள் இரண்டு பக்கமும் குறைந்திருக்கின்றன. வயதுக்கு எதிர்பார்க்கக் கூடியதைவிடக் கொஞ்சம் கூடுதல். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சோதித்த பெண்மணி சொன்னார். கோப்பு ஐந்து.

இப்போது நாற்காலியை ஒலிபெருக்கிகளுக்கு அருகில் இழுத்துப் போட்டிருக்கிறேன். கிட்டே உட்கார்ந்தால் குறைவான சத்தத்திலேயே விவரம் கேட்கிறது. இஸ்திரி மேசை படுக்கையறையிலேயே இருந்துவிட்டது. கேட்கும் நேரத்தில் ஃபேன் கிடையாது. வியர்க்கும், அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவும் முடிவதில்லை. நோட்டுப் புத்தகத்தில் குமிழுக்கான பத்தியை அடித்துவிட்டேன். தொழிற்சாலையில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வழியை அவள் எனக்குச் சொன்னாள்: கை நீட்டும் தூரத்தில் நிற்கும் ஆளிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் சத்தம் அதிகம். ஞாயிறு காலை அவள் வந்து கை நீட்டும் தூரத்தில் நின்று எதையாவது சொல்வாள். பெரும்பாலும் பாசாரில் வாங்க வேண்டிய மீனைப் பற்றி. எனக்குக் கேட்டால் கேட்டது என்று நோட்டில் எழுதுகிறேன், கேட்காவிட்டால் குறைக்கிறேன். தவில் முன்போல நெஞ்சில் விழுவதில்லை. அடித்தொனியைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறேன். அது ஓரளவுக்குத்தான் ஈடு.

ஒன்று மட்டும் பதிவில் வெற்றிடமாக இருக்கிறது. முதல் சோதனையில் அவளுடைய இடது காது குறைந்ததற்கு அந்த ஞாயிறு மாலை காரணமா என்பதைக் கண்டுபிடிக்க முயன்றேன். அந்த வாரம் அவளுக்குச் சளி இருந்தது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவளே சொன்னாள். சனிக்கிழமை கூடுதல் வேலைக்கும் போயிருந்தாள். அவள் நிற்கும் இடத்தில் முதல் இயந்திரமும் இடப்பக்கம்தான். குறைந்தபட்சம் அன்று மாலை இஸ்திரி மேசையருகே எவ்வளவு சத்தம் இருந்தது என்றாவது தெரிய வேண்டும் என்று, அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அதே சிடியைப் போட்டு, குமிழை ஒருமணியில் வைத்து அளக்கப் போனேன். அப்போதுதான் பின்சந்துக் கடையில் குமிழைப் பிடுங்கி மாட்டியது நினைவுக்கு வந்தது. பிடுங்கிப் பார்த்தேன். தண்டு முழுக்கப் பல்பல்லாக இருக்கிறது. எந்தப் பல்லில் வேண்டுமானாலும் மாட்டலாம், அதற்கேற்ப வெள்ளைக் கோடு காட்டும் மணியும் மாறிவிடும். பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் கேட்டேன். பழைய இடத்திலேயே மாட்டினாரா என்பது அவருக்கு நினைவில்லை.

ஆகவே நோட்டுப் புத்தகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்: "குமிழ் 1.00. சத்தத்தின் அளவு சரிபார்க்கப்படவில்லை."